சிவனொளிபாத மலை அணைந்த எரிமலையா?

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: லயத்துக்குப் பின்னால் மலசலகூடக் குழி வெட்டியபோது கறுப்பும் வெள்ளையுமாக வரியோடி, நடுவே சிவப்புப் பொட்டுகள் பதிந்த கல் கிடைத்ததாம், அந்தக் கல்லும், எதிரே கூம்பாக நிற்கும் சிவனொளிபாத மலையும் பழைய எரிமலையின் அடையாளங்களா, மறுபடி வெடித்தால் பிள்ளைகளோடு எங்கே போவது?

வெடிக்காது. வரிசையாக எழும் எரிமலைகள் பெரும்பாலும், பூமியின் மேலோட்டைத் தாங்கி நகரும் பெரும்பாறைத் தகடுகளில் கடலடித் தகடொன்று இன்னொரு தகட்டுக்கு அடியில் அமிழும் இடங்களில்தான் இருக்கின்றன. அமிழும் தகடே உருகி மேலே வருவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பொதுவாக அப்படி நடப்பதில்லை. கடலடிப் பாறையின் கனிமங்களுக்குள் பிணைந்திருந்த நீர், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஆழத்தில் பிழிந்தெடுக்கப்பட்டு, அதற்கு மேலிருக்கும் சூடான இடையோட்டுப் பாறையின் (மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கின்) உருகுநிலையைத் தாழ்த்துவதால் பாறைக்குழம்பு பிறக்கிறது. நமக்கு அருகே இது நடப்பது சுமாத்திரா, அந்தமான் கரையோரத்தில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிளம்பியதும் அங்கிருந்துதான். அந்த விளிம்பு ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்க, நாம் தகட்டின் உட்பகுதியில் இருக்கிறோம்.

ஆனால் உங்கள் கல்லுக்கும் அமிழ்தலுக்கும் பழைய உறவு உண்டு. ஏறத்தாழ 60 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டத்துண்டுகளுக்கு இடையிலிருந்த கடல்கள் அமிழ்ந்து மூடிக்கொள்ள, கரைகள் மோதி கொண்டுவானாப் பெருங்கண்டம் உருவானபோது, இருபது கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து சமைத்த உருமாறிய பாறை அது. சிவப்புப் பொட்டுகள் கார்னெட் என்ற கனிமத்தின் மணிகளாக இருக்கவேண்டும். மேலே நின்ற மலைத்தொடர் கரைந்து போய்விட்டது. அதன் அடிவேரில்தான் இன்று தேயிலை நிற்கிறது.

எரிமலைக் கல்லில் பெரும்பாலும் கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்து, வாயு வெளியேறிய துளைகளும் இருக்கும். உடைத்துப் பாருங்கள், உங்களுடையதில் துளை இராது. 2,243 மீற்றர் உயரச் சிவனொளிபாத மலையின் கூம்பும் வன்பாறையைச் சுற்றியிருந்தவற்றை மழையும் ஓடைகளும் அரித்தெடுத்ததால் வந்த வடிவமே. பருவகாலத்தில் படியேறிய எவரும் உச்சியில் எரிமலைவாய் எதையும் கண்டதில்லை. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றைச் சிலர் சாட்சிக்கு இழுப்பார்கள். பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிய நீர் நிலத்தின் இயல்பான வெப்பத்தில் சூடாகித் திரும்புவதற்கு எரிமலை தேவையில்லை.

உங்கள் கவலையை அந்தக் குழியின் மேற்சரிவுக்கு மாற்றுவதே நல்லது. இப்பாறை உக்கிய மண்தான் மழையில் கனத்துச் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதும் அவ்வாறே. சுவரில் புதிய வெடிப்போ, திடீரெனக் கலங்கிய ஊற்றோ தென்பட்டால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கைக்குக் காத்திராமல் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்.