ஈ.சி.ஆரில் ஒரு நாள் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகள்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு ஒரே நாளில் போக நினைக்கிறேன். மணிக்கு 20 கி.மீ. வேகம் எனக்குப் பழக்கம். எந்த மாதம், எத்தனை மணிக்குப் புறப்படலாம்?
— வாசகர், தாம்பரம்

தூரம் ஏறக்குறைய 150 கி.மீ. உங்கள் வேகத்துக்கு இது முடியாத தூரம் இல்லை. ஆனால் இந்தச் சாலையில் தூரத்தைவிட நேரம்தான் முக்கியம். எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டுகிறீர்கள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை. வடகிழக்குக் காற்று முதுகில் தள்ளும். காலை 4.30-க்குக் கிளம்பினால் 7 மணிக்கு மாமல்லபுரம். அரை மணி நேரம் டிபனுக்கு ஒதுக்கினால், 11 மணியை ஒட்டி மரக்காணம் உப்பளங்களைப் பார்க்கலாம். மிச்சம் சுமார் 35 கி.மீ.; ஒரு மணிக்குள் ஊர் சேர்ந்துவிடலாம். முதல் இரண்டு மணி நேரம் இருட்டு. முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கணக்கே வேறு. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வரும். இந்தக் கரையில் அது பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகிறவருக்கு அது எதிர்காற்று. கல்பாக்கம் வரை 20-ல் வந்தவர் மரக்காணத்துக்கு அப்புறம் 14-க்கு இறங்கிவிடுவார், அதுவும் உச்சிவெயிலில். கோடையில்தான் போக வேண்டும் என்றால் திசையை மாற்றுங்கள். விடியுமுன் புதுச்சேரியில் தொடங்கி மாமல்லபுரத்தில் முடியுங்கள். சுமார் 95 கி.மீ. போதும், காற்று எழும்பினாலும் அது உங்கள் பக்கம்தான் இருக்கும்.

ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று பிற்பகல் வரை உள்ளே வராது. காலை பத்து மணிக்கே அனல் அடிக்கும். அந்த மாதங்களில் முழுத்தூரம் வேண்டாம்.

பேருந்துகள் உரசுவதுபோல் தாண்டிப் போய் உடனே இடப்பக்கம் ஒடிக்கின்றன. எதிர்த்திசையில் பைக்குகளும் வருகின்றன. சாலையில் எந்த இடத்தில் ஓட்டுவது?
— வாசகி, பெரம்பூர்

வெள்ளைக்கோட்டுக்கு வெளியே அகலமான, சுத்தமான தார் ஓரம் இருந்தால் அங்கேயே ஓட்டுங்கள். ஓரம் மணல் மூடியிருந்தால் கோட்டுக்கு உள்ளே, தார் விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் போங்கள். விளிம்பை ஒட்டியே ஓட்டுவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அதுதான் ஆபத்து. மணலில் முன்சக்கரம் வழுக்கினால் சாய இடம் இருக்காது. பின்னால் வரும் வண்டியும் "இடிக்காமல் நுழைந்துவிடலாம்" என்று கணக்குப் போடும்.

பெரிய வண்டி தாண்டும்போது காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், வண்டியின் பின்பகுதி கடக்கும்போது உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் அந்த ஆட்டம் அப்படியே சக்கரத்துக்குப் போகும். முழங்கையைத் தளர்வாக மடக்கி வையுங்கள். முட்டுக்காடு பாலம் போன்ற திறந்த இடங்களில் பக்கக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

பேருந்து தாண்டியதும் பிரேக் விளக்கைப் பாருங்கள். எரிந்தால் பின்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள்; படியிலிருந்து இறங்குகிறவர் உங்களைப் பார்ப்பதில்லை.

எதிரே பைக் வந்தால் அவசரப்பட்டு வலப்பக்கம் ஒடிக்கக் கூடாது. பின்னால் 80-ல் கார் வந்துகொண்டிருக்கலாம். மணியடித்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கத்தை விடாமல் தேவைப்பட்டால் காலை ஊன்றி நில்லுங்கள். அவர் சுற்றிப் போகட்டும். வலக்கைப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி பொருத்துவது இந்தச் சாலைக்கு மிக அவசியம். சனி, ஞாயிறு என்றால் ஏழு மணிக்குள் கோவளத்தைத் தாண்டிவிடுங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை விரிவாக்கப் பணி நடக்கும் இடங்களில் சிந்திக் கிடக்கும் ஜல்லியைக் கவனியுங்கள்.

சுங்கச்சாவடியில் சைக்கிளுக்குப் பணம் கட்ட வேண்டுமா?
— வாசகர், கடலூர்

வேண்டாம். இடக்கோடி வழியாகப் போங்கள். காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு நுழையாதீர்கள். கார் போனதும் தடுப்புக்கம்பி தலைமேல் இறங்கும்.

வழியெல்லாம் தண்ணீரும் இளநீரும் குடித்தேன். அப்படியும் தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு. ஏன்?
— வாசகர், செங்கல்பட்டு

வியர்வையில் தண்ணீரோடு உப்பும், அதாவது சோடியமும், போகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வெறும் தண்ணீரையும் இளநீரையும் மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தண்ணீர் போதாமல் போனாலும் இதே தலைவலியும் குமட்டலும் வரும் என்பதால் காரணத்தைக் கண்டுபிடிக்க எடை பாருங்கள். கிளம்பும் முன்பும் வந்த பின்பும் ஒரே தராசில் நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பற்றாக்குறை. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

மணிக்கு 500 முதல் 750 மி.லி. வரை, கால் மணிக்கொரு தடவை சில மடக்குகளாகக் குடியுங்கள். 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சரியாக ஒரு லிட்டருக்கு. பாதித் தண்ணீரில் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். அரை லிட்டர் மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டுக் குடிப்பதும் நல்லது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே உப்பைக் கூட்ட வேண்டும். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ பயணத்தை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒட்டுப் போட்ட பத்து நிமிடத்தில் மறுபடி பஞ்சர். வெயிலில் காற்று விரிந்துதான் டியூப் வெடிக்கிறதா?
— வாசகர், திண்டிவனம்

வெயில் காரணம் அல்ல. 25 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்த டயர் 50 டிகிரிக்குச் சூடானால் சுமார் 88 ஆகும், அவ்வளவுதான். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அளவுக்குள் இருந்தால் காற்றை இறக்க வேண்டியதில்லை.

குற்றவாளி பெரும்பாலும் லாரி டயரிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி. தலைமுடி அளவுதான் இருக்கும். டயருக்குள் புதைந்து, சக்கரம் அழுந்தும்போது மட்டும் டியூபைக் குத்தும். விரலால் தடவினால் சிக்காது. ஒரு பஞ்சுத்துண்டால் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள், இழை மாட்டும். இடுக்கியால் பிடுங்குங்கள். டயரின் பெயர் அச்சிட்ட இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால், டியூபில் ஓட்டை இருக்கும் தூரத்தை வைத்தே டயரில் கம்பி எங்கே என்று சொல்லிவிடலாம். பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை என்றால் காற்று குறைவால் ரிம் கடித்தது. ரிம் பக்கம் பார்த்த ஓட்டை என்றால், ரிம்முக்குள் டியூபைக் காக்கும் பட்டையான ரிம் டேப் நகர்ந்திருக்கிறது.

ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மங்கும்வரை சுமார் ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரத்தோடு அமுக்கிய ஒட்டு, டியூப் சூடானதும் நழுவும். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் சாலையோரப் பஞ்சர் கடை கம்ப்ரசர் குழாய் பொருந்தாது.

ஒரே பயணத்தில் செயின் துருப்பிடித்துவிட்டது. என்ன செய்வது?
— வாசகி, புதுச்சேரி

அன்று மாலையே நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பீச்சுக்குழாய் வேண்டாம். கடல்காற்றில் வந்து படிந்த உப்பை பேரிங்குகளுக்குள் தள்ளிவிடும். துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்க எண்ணெயைத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் மணல் ஒட்டும். அலுமினிய சீட் தண்டை மாதம் ஒருமுறை கழற்றி கிரீஸ் தடவுங்கள். உப்பீரத்தில் எஃகுச் சட்டத்தோடு அது இறுகிப்போனால் பிறகு அசைக்க முடியாது.

துரு மேலோட்டமாக இருந்தால் எண்ணெயிலேயே போய்விடும். தேய்மானத்தை அளந்து பாருங்கள்: புதுச் செயினில் இணைப்பு ஊசிகளுக்கு இடையேயான 24 இடைவெளிகள் சேர்ந்து சரியாக 12 அங்குலம். அது ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பின்சக்கரப் பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்து செலவு பல மடங்காகும்.