வாத்தியத்தை உறையில் போட்ட பிறகு: கேள்வி பதில்

பகலில் நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சியில் கை, தோள், கழுத்து வலி என்று வருபவர்களைப் பார்ப்பது என் வேலை. மாலையில் வீணை, அதுவும் வீட்டுக்கும் கொலுவுக்கும் மட்டும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால், இசையைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் மற்ற நேரத்தில் செய்கிற காரியங்களைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்து குவிகின்றன. 'இசைக்கு வெளியே என்ன செய்கிறீர்கள்' என்று நானும் கேட்டிருந்தேன். கேட்டவர்களின் ஊரையும் வாத்தியத்தையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கோவை, கிடார்: அக்கா, ஐடி வேலை. ராத்திரி ஒரு மணி நேரம் கிடார் வாசிக்கிறேன், அப்புறம் தூக்கம் வரும்வரை மொபைலில் கேம். இப்போது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி. கிடாரை நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டியது கிடாரா என்று முதலில் பார்ப்போம் தம்பி. மேடைக் கலைஞருக்கு நாளில் பெரும்பகுதி வாத்தியம். நமக்கு அது ஒரு மணி நேரம்தான். விழித்திருக்கும் மீதி நேரமெல்லாம் கை வேறு எங்கோ உழைக்கிறது. ஆனால் வலி வந்ததும் பழி வாத்தியத்தின் மேல் விழுகிறது, ஏனென்றால் வாசிக்கும்போதுதான் நாம் கையைக் கவனிக்கிறோம்.

கட்டைவிரலை விரிக்கிற இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகினால் வருவது டி கெர்வெய்ன் வலி. கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி இறக்கும் தாய்மார்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன். இப்போது போன்காரர்களும் சேர்ந்துவிட்டார்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மேலே மற்ற விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். சுரீர் என்று இழுத்தால் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் கேமை விடுங்கள். போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் தட்டுங்கள். கிடாரைப் பாதி நேரமாகக் குறையுங்கள், விட வேண்டாம். அதற்கும் அடங்கவில்லை என்றால் நேரில் யாரிடமாவது காட்டுங்கள்.

ஸ்ரீரங்கம், வீணை: மாடித் தோட்டம் போட்டதிலிருந்து நகம் பிளக்கிறது. இடது கை விரலில் காய்ப்பும் உரிகிறது. தோட்டமா வீணையா என்று வீட்டில் கிண்டல்.

இரண்டும் இருக்கட்டும், வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, பிறகு தண்ணீர் வேலை. ஊறிய தோலில் தந்தி அழுந்தினால் காய்ப்பு மேலோடு பெயர்ந்து வரும். பாத்திரம் கழுவுவது, மாவு பிசைவது, செடிக்குத் தண்ணீர் விடுவது எல்லாமே வாசித்து முடித்த பிறகு. மீட்டுகிற கைக்கு மண் வேலையின்போது கையுறை கட்டாயம். மெல்லிய ரப்பர் கையுறை போதும், தோல் கையுறையெல்லாம் வேண்டாம். நகத்தை வெட்டாமல் அரத்தால் தேய்த்து வடிவம் கொடுங்கள். இரவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். தந்தியில் விரல் வழுக்கத் தடவும் எண்ணெய்தான், நகத்துக்கும் ஆகும்.

மதுரை, மிருதங்கம்: ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டை விட முடியாது. குரு திட்டுகிறார். யார் சொல்வது சரி?

குரு சொல்வதுதான், ஆனால் அவர் சொல்கிற அளவுக்கு இல்லை. டென்னிஸ் பந்து என்றால் பெரிய பயம் கிடையாது. கார்க் பந்து என்றால் கேட்ச் பிடிக்கும்போது பந்து விரல் நுனியில் நேராக மோதுவதுதான் ஆபத்து. நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்தால் விரல் நுனி தொங்கிவிடும், தானாக நிமிராது. வலி சில சமயம் பெரிதாக இருக்காது. அதனால் 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிவார்கள். சிகிச்சை எளிது, பொறுமைதான் கடினம்: விரல் நுனியை நிமிர்த்தி வைக்கும் சிறு பட்டியை (ஸ்ப்ளின்ட்) இரவும் பகலும் 6 முதல் 8 வாரம் போட வேண்டும். நடுவில் குளிக்கும்போது கழற்றி விரலை ஒரு தடவை மடக்கினாலும் கணக்கு முதலிலிருந்து ஆரம்பம். அத்தனை நாள் சாப்பு, அரைச்சாப்பு என்று மிருதங்கத்தில் எந்த அடியும் இல்லை.

பேட்டிங் செய்யுங்கள், பந்து போடுங்கள், ஃபீல்டிங்கில் எல்லைக் கோட்டுப் பக்கம் நில்லுங்கள். ஸ்லிப்பில் நிற்காதீர்கள். கையுறை இல்லாமல் கீப்பிங் கூடவே கூடாது. கச்சேரிக்கு முந்தைய வாரம் மட்டும் அம்பயராக இருங்கள்.

ஈரோடு, புல்லாங்குழல்: நீச்சல் அடித்தால் மூச்சு கூடுமா?

வளர்ந்த ஆளுக்கு நுரையீரல் கொள்ளளவு பெரிதாக அதிகரிக்காது. ஆனால் சட்டென்று இழுத்து, நீளமாக, அளவாக விடுகிற பழக்கம் நீச்சலில் நன்றாக வரும். குழலுக்கு வேண்டியதும் அதுதான். காதில் தண்ணீர் நின்றால் துணி முனையால் ஒற்றி எடுங்கள், பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள்.

தஞ்சாவூர், வாய்ப்பாட்டு: மேடம், நான் பள்ளி ஆசிரியை. இசைதான் உயிர் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் சனிக்கிழமை வந்தால் தம்பூராவைத் தொடாமல் பறவை பார்க்கப் போய்விடுகிறேன். முழு மனசு இல்லையோ என்று உறுத்துகிறது.

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அலெக்சாண்டர் போரோடின் ரஷ்யாவின் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். தொழிலில் அவர் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியல் பேராசிரியர். ஆல்டிஹைடு வினைகளில் அவர் செய்த வேலையை இன்றும் வேதியியல்காரர்கள் சொல்வார்கள். பெண்கள் மருத்துவம் படிக்க 1872-ல் அங்கே வகுப்புகள் தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. இசைக்குக் கிடைத்தது விடுமுறையும், உடம்பு சரியில்லாமல் படுத்த நாட்களும்தான். 'இளவரசர் ஈகோர்' என்ற ஓபராவைப் பதினெட்டு ஆண்டு இழுத்து, 1887-ல் முடிக்காமலே இறந்தார். நண்பர்கள் முடித்துக் கொடுத்தார்கள்.

வில்லியம் ஹெர்ஷல் கதை எதிர்த்திசை. இங்கிலாந்தின் பாத் நகரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பிழைத்தவர், இரவில் வீட்டில் செய்த தொலைநோக்கியோடு தோட்டத்தில் நின்றார். 1781 மார்ச் 13 அன்று யுரேனஸைக் கண்டுபிடித்தார். இசை தொழில், வானம் பொழுதுபோக்கு என்று இருந்தது தலைகீழானது.

எட்வர்ட் ஹீத் ஆக்ஸ்ஃபோர்டில் ஆர்கன் உதவித்தொகையில் படித்தவர். 1969-ல் சிட்னி-ஹோபார்ட் பாய்மரப் பந்தயத்தை வென்றார், அடுத்த ஆண்டு பிரிட்டன் பிரதமர் ஆனார். பிரதமராக இருந்தபடியே 1971-ல் லண்டன் சிம்பனி இசைக்குழுவின் முன் நின்று கோல் பிடித்து இசையை நடத்தினார். அவர் அரசியல் எப்படியோ போகட்டும், நாட்காட்டியை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. வயலின் வாசித்த ஐன்ஸ்டைனுக்கும் பாய்மரப் படகுப் பைத்தியம் உண்டு, நீச்சல் தெரியாமலே.

நம் பக்கம் ஸ்ரீபாத பினாகபாணி. கர்நூலில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற பெரிய பாடகர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். 1983-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது. அவரைப் பொழுதுபோக்குக் கலைஞர் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சோறு போட்டது ஸ்டெதஸ்கோப்தான்.

இவர்களெல்லாம் மேதைகள், நான் யார் என்பீர்கள். சரி, உங்கள் பறவைக்கே வருகிறேன். சங்கீதக்காரருக்குப் பறவை பார்ப்பது முக்கால்வாசி பறவை கேட்பதுதான். செம்போத்து கீழ் ஸ்தாயியில் 'கூப் கூப்' என்று அடுக்கும். குயில் ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகும். செம்மார்புக் குக்குறுவான் ஒரே காலப்பிரமாணத்தில், அதாவது ஒரே வேகத்தில், 'டுக் டுக் டுக்' என்று வெயில் நேரம் முழுக்கத் தட்டும், பிசகாது. ஆளைப் பார்க்கும் முன்பே யார் என்று சொல்கிற காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. சந்தேகம் வந்தால் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், ஆனால் நீங்கள் முதலில் ஊகித்துவிட்டுப் பிறகு திறங்கள். உங்கள் ஊரிலிருந்து அரியலூர் பக்கம் கரைவெட்டி ஏரி எட்டிவிடும் தூரம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-ல் சேர்ந்த இடம். குளிர்காலத்தில் போங்கள்.

ஆனால் இது இசைக்கு உதவுகிறது என்பதற்காகப் போகாதீர்கள். எல்லாவற்றையும் இசைப் பயிற்சியாக மாற்றுகிற பழக்கம் நமக்கு நல்லதில்லை. நாம் யாருக்கும் கச்சேரி பாக்கி வைக்கவில்லை.

தூத்துக்குடி, கீபோர்டு: கோயில் பாடற்குழுவில் வாசிக்கிறேன், சனிக்கிழமைகளில் நீண்ட பைக் பயணம். இரவில் காதில் 'ங்ங்' என்று கேட்கிறது.

இதைச் சும்மா விடாதீர்கள். நியோஷ் என்ற அமெரிக்க அரசு அமைப்பு வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி, 100 வந்தால் 15 நிமிடம். டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் 100 எளிதாக வரும்.

பைக்கில் சைலன்சரைத்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். நெடுஞ்சாலை வேகத்தில் பெரிய சத்தம் ஹெல்மெட்டுக்குள் சுழலும் காற்று. மணிக்கணக்கில் கேட்டால் ஞாயிறு காலைக்கு உங்கள் காதில் பாக்கி ஒன்றும் இருக்காது. பஞ்சு வைப்பது வீண். பயணத்துக்கு ஃபோம் அடைப்பான் போதும், ஆனால் ஹார்னும் சைரனும் கேட்கிறதா என்று முதலில் தெருவில் ஓட்டிப் பாருங்கள். வாசிப்பதற்கு ஃபோம் சரிப்படாது, மேல் ஸ்தாயியைத் தின்றுவிடும். எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கும் இசைக்காரர் அடைப்பான் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். இரைச்சல் நிற்காமல் இருக்கிறது என்பதால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் கேட்பு சோதனையும் எடுத்துவிடுங்கள்.

சேலம், வயலின்: இரண்டு சின்னக் குழந்தைகள், மாமியார் மாமனார். 'இசைக்கு வெளியே என்ன செய்கிறீர்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். சமைக்கிறேன், துவைக்கிறேன், அவ்வளவுதான் அக்கா. வாசிக்கவே நேரம் இல்லை.

என்னிடம் வரும் கேள்விகளில் தோட்டம், பைக், கிரிக்கெட் எல்லாம் இருக்கிறது. வீட்டு வேலையைப் பொழுதுபோக்கு என்று யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அது இல்லை. வீட்டில் மற்ற பெரியவர்கள் இரண்டு பாத்திரத்தைக் கழுவட்டும். இதை நான் சொன்னதாகச் சொல்லுங்கள், பிசியோதெரபிஸ்ட் உத்தரவு என்றால் கொஞ்சம் எடுபடும்.

அதுவரைக்கும் ஒன்று. 1995-ல் பாஸ்குவல்-லியோன் குழு செய்த ஆய்வில், சிலர் ஐந்து விரல் பியானோ பயிற்சி ஒன்றைத் தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள் வாசித்தார்கள். இன்னும் சிலர் விரலை அசைக்காமல் அதே நேரம் மனதில் மட்டும் வாசித்தார்கள். நினைத்தவர்கள் வாசித்தவர்கள் அளவுக்குத் தேறவில்லை. ஆனால் விரல்களுக்கான மூளைப் பகுதி அவர்களுக்கும் விரிந்திருந்தது, ஒரு தடவை கையால் பயிற்சி செய்ததும் வேகமாக நெருங்கிவிட்டார்கள். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது வர்ணத்தின் ஒரே ஒரு பகுதியை, முக்தாயி ஸ்வரத்தை மட்டும், எந்தத் தந்தி எந்த விரல் என்று மனதில் ஓட்டுங்கள். தாளம் தொடையில் போகட்டும். இரவு வயலினை எடுக்கப் பத்து நிமிடம்தான் கிடைத்தாலும் அந்தப் பத்தும் வாசிப்புக்கே போகும், தேடுவதற்குப் போகாது.

கும்பகோணம், வீணை: ஓய்வு பெற்றுவிட்டேன். மரவேலை தெரியும். என் வீணையை நானே பழுது பார்க்கலாமா?

தந்தி மாற்றுங்கள், தந்தியை முறுக்கும் பிருடையைச் சரி செய்யுங்கள், துடையுங்கள். தந்திக்கு அடியில் ஸ்வரத்துக்கு ஒன்றாக இருக்கும் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கிற வேலையை மட்டும் தஞ்சாவூர் ஆசாரிகளிடம் விடுங்கள். அது மரவேலை இல்லை, காதுவேலை. ஒரு மெட்டு மயிரளவு நகர்ந்தால் நீங்கள் அடுத்த மெட்டைத் திருத்துவீர்கள், அப்புறம் அதற்கடுத்தது. கை துறுதுறு என்றால் வீணை வைக்க ஒரு நல்ல தாங்கி செய்யுங்கள். உளி பிடிக்கும்போது மரத்தைக் கையால் பிடிக்காமல் மேசைப் பிடியில் (வைஸ்) இறுக்கிவிட்டுச் செதுக்குங்கள், இடது ஆள்காட்டி விரல் உங்களுக்கு வேண்டும். இன்னொன்று, கோடையில் வீணையைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். மெழுகு இளகிவிடும்.

கொழும்பு, வயலின்: ஜிம்முக்குப் போனால் கை விறைத்துப் போகும் என்கிறார்கள், உண்மையா?

இல்லை. வயலின்காரருக்கு முதுகும் தோள்பட்டையும் பலமாக இருந்தால் கழுத்துக்கு நிம்மதி. இழுக்கிற பயிற்சிகளைக் கூடுதலாகச் செய்யுங்கள். கனமாகத் தூக்கிய கையோடு உடனே வில்லை எடுத்தால் நடுக்கம் தெரியும், அது அன்றைக்கு மட்டும். காலையில் வாசிப்பு, மாலையில் ஜிம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம், தபேலா: ராத்திரி கை மரத்துப் போய்த் தூக்கம் கலைகிறது. உதறினால் சரியாகிறது. பகலில் தட்டச்சு வேலை. என்ன பயிற்சி செய்யலாம்?

எழுத்தில் பயிற்சி சொல்ல மாட்டேன். மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா, கழுத்தில் அழுந்துகிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காமல் தெரியாது, சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் போங்கள். போகும்போது எந்தெந்த விரல் மரக்கிறது, சுண்டுவிரலும் சேர்கிறதா என்று குறித்துக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.