ஒரு டர்னுக்கு எத்தனை பிளிட்ஸ்?

கேள்வி: நானும் என் சித்தி மகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளட் பவுல் (பொம்மை வீரர்களைக் கட்டப் பலகையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கால்பந்து) ஆடுகிறோம். போன வாரம் ஒரே டர்னில் இரண்டு ஆட்களை வைத்து பிளிட்ஸ் (ஓடிப்போய் அடிப்பது) அடித்து என் பந்தைப் பறித்துவிட்டான். கேட்டால், ஆளுக்கு ஒரு பிளிட்ஸ் உண்டு என்கிறான். ஆனால் நான் ஒரு டர்னில் இரண்டு ரீரோல் (பகடையைத் திரும்ப உருட்டுவது) எடுத்தால் தப்பாம்! யார் சொல்வது சரி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: பிளிட்ஸில் நீங்கள் சொல்வதுதான் சரி. அது ஆளுக்கு ஒன்று இல்லை, அணிக்கு ஒன்று. ஒரு டர்னில் 11 பேரையும் நகர்த்தலாம். பக்கத்துக் கட்டத்தில் எதிரி நின்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் பிளாக் (ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே அடிப்பது) செய்யலாம். ஆனால் ஓடிப்போய் அடிக்கிற பிளிட்ஸ் ஒரே ஒரு முறைதான். பாஸ் (பந்தை வீசுவது), ஹேண்ட் ஆஃப் (பக்கத்தில் நிற்பவன் கையில் பந்தைக் கொடுப்பது), ஃபவுல் (விழுந்து கிடப்பவனை அடிப்பது) மூன்றும் அப்படியே. பிளிட்ஸ் என்று சொல்லிவிட்டு அடிக்காமல் நின்றுவிட்டாலும் அது தீர்ந்த கணக்குதான்.

எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்ததே இந்த விதிதான். பந்து வைத்திருப்பவனைச் சுற்றி நான்கு மூலையிலும் ஒவ்வொருவரை நிறுத்திக் கூண்டு கட்டுகிறோம் இல்லையா? எதிராளிக்கு ஒரே பிளிட்ஸ் என்பதால்தான் அந்தக் கூண்டு நிற்கிறது. இரண்டு கிடைத்தால் ஒன்றில் மூலை ஆளைச் சாய்த்து, அடுத்ததில் உள்ளே புகுந்து பந்துக்காரனை அடித்துவிடலாம். அப்புறம் கூண்டு கட்டி என்ன பயன்? உங்கள் பந்தும் அப்படித்தான் போயிருக்கும்.

வில்லிவாக்கத்தில் என் மச்சான் வீட்டு மொட்டை மாடியில்தான் நாங்கள் ஆடுவோம். 'இந்த டர்னில் பிளிட்ஸ் அடித்தாயா இல்லையா' என்று எங்களுக்குள்ளும் சண்டை வந்திருக்கிறது. இப்போது ஆளுக்கொரு கேரம் சிவப்புக் காய் வைத்திருக்கிறோம். பிளிட்ஸ் என்று வாயைத் திறந்ததும் காயை எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். அடுத்த டர்ன் தொடங்கும்போது அது திரும்பி வரும். நீங்களும் செய்து பாருங்கள்.

ரீரோலில் இரண்டு பேரும் வேறு வேறு விதிப் புத்தகத்தைப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது. 2016 பதிப்பில் அணி ரீரோல் (அணி முழுவதற்கும் பொதுவானது) டர்னுக்கு ஒன்றுதான். 2020 பதிப்பில் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது, கையிருப்பு உள்ளவரை எடுக்கலாம். எந்தப் பதிப்பு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் பதிப்பானாலும், ஒரு முறை திரும்ப உருட்டிய பகடையை மறுபடி உருட்ட முடியாது. டச் டவுனுக்கு இரண்டே கட்டம் இருக்கும்போது டாட்ஜில் (எதிரியின் பக்கத்திலிருந்து நழுவ உருட்டுவது) எனக்கு 1 விழுந்தது, அதாவது தோல்வி. அந்த ஆளின் டாட்ஜ் திறமையை வைத்துத் திரும்ப உருட்டினேன், மறுபடியும் 1. அணி ரீரோலுக்குக் கையை நீட்டினேன், மச்சான் தடுத்தார். அவர் செய்தது சரி. ஆள் விழுந்தான், என் டர்ன் அதோடு முடிந்தது. அதே ஆள் அடுத்த கட்டத்துக்கு இன்னொரு டாட்ஜ் போட்டுத் தவறியிருந்தால், அது புது உருட்டல், அதற்கு அணி ரீரோல் எடுத்திருக்கலாம்.

உங்கள் தம்பி அடுத்து ஃப்ரென்ஸி என்ற திறமையை இழுப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திறமை உள்ளவன் முதல் அடியில் எதிரியை விழவைக்காமல் பின்னால் தள்ளினால், தொடர்ந்து போய் இரண்டாவது அடியும் அடித்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டு அடியும் அதே ஆள் அதே எதிரியை அடிப்பது, கணக்குக்கு ஒரே பிளிட்ஸ். உங்கள் தம்பி அடித்தது இரண்டு ஆட்களை வைத்து.