1/17 விகிதமுறு எண்தான்

1/17 விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா என்று கேட்டிருந்தீர்கள். விகிதமுறு எண்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டு முழுக்களின் பின்னமாக எழுத முடிந்தால் விகிதமுறு எண், முடியாவிட்டால் விகிதமுறா எண். தொகுதி 1, பகுதி 17, இரண்டும் முழுக்கள். பகுதி பூச்சியமும் இல்லை. அதற்கு மேல் வேறு தகுதி எதுவும் தேவையில்லை.

கால்குலேட்டரில் 0.0588235294 என்று வந்தது, எதுவுமே திரும்ப வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விகிதமுறு எண்ணின் தசமம் ஒன்று முடிய வேண்டும், இல்லையென்றால் இலக்கங்கள் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதால்தான் இந்தச் சந்தேகம். குழப்பம் அந்தத் திரையில்தான் என்று நினைக்கிறேன். 1/17 இன் சுழற்சி, அதாவது திரும்பத் திரும்ப வரும் இலக்க வரிசை, 16 இலக்கம் நீளம்: 0588235294117647. திரையில் 10 இலக்கம் மட்டும் தெரிந்தால் அது திரும்புவதை எப்படிப் பார்க்க முடியும்?

ஒருமுறை தாளில் நீள்வகுத்தல் போட்டுப் பாருங்கள். ஈவை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள்: 10, 15, 14, 4, 6, 9... 17 ஆல் வகுத்தால் மீதி 1 முதல் 16 வரைதான் வர முடியும் (பூச்சியம் வந்தால் வகுத்தல் அங்கேயே முடிந்துவிடும்). அதனால் ஏதாவது ஒரு மீதி மறுபடி வந்தே தீரும். இங்கே பதினாறாவது படியில், நாம் வகுக்கத் தொடங்கிய 1 மறுபடி மீதியாக வருகிறது, அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, √48 ÷ √3 பற்றியும் கேட்டிருந்தீர்கள். வர்க்கமூலக் குறியைப் பார்த்ததும் விகிதமுறா எண் என்று எழுதிவிடாதீர்கள், முதலில் சுருக்குங்கள்: √16, அதாவது 4. ஆனால் √12 ஐச் சுருக்கினால் 2√3, அது விகிதமுறா எண்தான்.

22/7 இலும் கவனம். அது விகிதமுறு எண்; π அப்படியல்ல. 3.142857..., 3.141592... என மூன்றாவது தசம இலக்கத்திலேயே பிரிந்துவிடுகின்றன.