ஒரு நாள் குறைந்த காலண்டர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மதுரையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். வயது 41. வேலைக்கு வந்த பதினெட்டு ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட டிசம்பர் 31 இரவுகள் எனக்குப் பணியில்தான் கழிந்திருக்கின்றன. கைக்குழந்தை இருக்கிறவர்களும் இரவு ஆராதனைக்குப் போகிறவர்களும் முன்கூட்டியே விடுப்புச் சொல்லிவிடுவார்கள். எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

இந்த முறை பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரியவரின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். வெளியே வெடிச் சத்தம். பதினொரு மணிக் குறிப்புக்கும் பன்னிரண்டு மணிக் குறிப்புக்கும் நடுவில் தேதியை மாற்ற வேண்டும். பழக்கத்தில் பழைய ஆண்டையே எழுதி, பிறகு அடித்துத் திருத்தினேன். அப்போது அவருடைய மகன் கதவருகே வந்து, "மணி பன்னிரண்டு ஆகிவிட்டதா சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஹேப்பி நியூ இயர் சிஸ்டர்" என்றார். அவருடைய அப்பா வென்டிலேட்டரில் இருக்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவள் மாலை நான்கு மணிக்குத்தான் எழுந்தேன். வாசலில் கோலம் இல்லை, பாயசம் இல்லை. "வருஷத்தின் முதல் நாளே தூங்கினால் வருஷம் முழுக்கத் தூக்கம்தான்" என்றார் மாமியார். கைப்பேசியில் வாழ்த்துகள் குவிந்து கிடந்தன. கொழுந்தனார் மட்டும் "இது நம் புத்தாண்டே அல்ல" என்று இரண்டு பக்க அளவுக்கு அனுப்பியிருந்தார். முன்பெல்லாம் டைரி வாங்கி முதல் பக்கத்தில் உறுதிமொழி எழுதுவேன். இந்த முறை டைரிகூட வாங்கவில்லை. எதுவுமே தோன்றவில்லை. இது வயதாவதன் அடையாளமா? நீங்கள் புத்தாண்டை எப்படி வரவேற்கிறீர்கள்?

ச.

*

அன்புள்ள ச.,

உங்கள் மாமியார் சொன்னது உண்மையாக இருந்தால், என் அப்பா ஆயுள் முழுவதும் தூங்கியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி பகல் முழுக்கத் தூங்கியவர் அவர். மற்ற நாட்களில் அவர் பகலில் படுத்து நாங்கள் பார்த்ததில்லை.

அப்பாவுக்குச் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் காலண்டர் கட்டும் வேலை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரே வேலைதான் பார்த்தார். எங்கள் ஊரில் புத்தாண்டு ஆடிப்பெருக்கு அன்றே தொடங்கிவிடும். அன்றுதான் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா, நீர்வீழ்ச்சி, சிரிக்கும் குழந்தை எல்லாம் ஒரே அட்டைக்குள் அடுக்கியிருக்கும். முகவர்கள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊர் ஊராக நகைக்கடை, ஜவுளிக்கடை, பலசரக்குக் கடை ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். ஐப்பசியில் வேலை சூடு பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் அப்பா வீட்டுக்கு வருவது குளிக்கவும் உடை மாற்றவும்தான். டிசம்பர் கடைசி வாரத்தில்கூட, ஏதாவது ஒரு கடைக்காரர் பெயரில் எழுத்துப் பிழை என்று ஒரு கட்டு திரும்பி வரும். 31ஆம் தேதி இரவு எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பிவிட்டு, அப்பா விடிகிற நேரத்தில் வந்து படுப்பார். அம்மா தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு எங்களைப் பெருமாள் கோயில் பக்கம் விரட்டிவிடுவாள். பக்கத்து வீட்டு வானொலியைக்கூடக் குறைக்கச் சொல்லிக் கேட்டு வருவாள். ஆகவே எனக்குத் தெரிந்த முதல் புத்தாண்டுச் சடங்கு, சத்தம் போடாமல் இருப்பது.

ஊருக்கெல்லாம் அடுத்த ஆண்டு வரப்போகிற ஒன்று. அப்பாவுக்கு அது கையில் மை ஒட்டிய பழைய சரக்கு. பெரிய தாளில் பல தேதிகள் சேர்ந்து அச்சாகி வரும். வெட்டி, வரிசைப்படி அடுக்கி, தலையில் தகரப் பட்டை வைத்து இறுக்கி, படம் போட்ட அட்டையில் பொருத்த வேண்டும். அப்பாவின் கட்டை விரலில் அடுத்த ஆண்டு முழுவதும் பலமுறை ஓடி முடிந்திருக்கும். சித்திரையில் எந்தக் கிழமையில் யாருக்குச் சந்திராஷ்டமம், புரட்டாசியில் எத்தனை முகூர்த்தம் என்று கார்த்திகையிலேயே சொல்லுவார். நீங்கள் பன்னிரண்டு மணிக் குறிப்புக்கு முன்னால் தேதி எழுதினீர்களே, அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கட்டை விரல்தான் நினைவுக்கு வந்தது. வெளியே வெடித்தவர்களுக்கு ஆண்டு பிறந்தது. உங்களுக்கு அது எழுத வேண்டிய ஒரு தேதி. தவறாக எழுதினால் அடித்துத் திருத்த வேண்டும். எதுவும் தோன்றாததற்கு வயதைக் காரணம் சொல்லாதீர்கள். கல்யாண வீட்டுச் சமையற்காரருக்குப் பந்தியில் உட்கார்ந்தால் பசிக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சாபீஸ்காரர் வீட்டுக்கு நல்ல காலண்டர் வராது. பழுதானதுதான் வரும். அட்டையில் அம்மனின் மூக்குத்திக்கு மேல் சிவப்பு மை வழிந்திருக்கும், அல்லது கடையின் பெயர் தலைகீழாக விழுந்திருக்கும். சில ஆண்டுகளில் உள்ளே தாளே குறைந்திருக்கும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டில் எங்கள் வீட்டுக் காலண்டரில் செப்டம்பர் 9 கிடையாது. எட்டாம் தேதியைக் கிழித்தால் அடியில் பத்து.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். அம்மா பால் கணக்கை அந்தத் தாள்களில்தான் வைத்திருந்தாள். கிழிக்கும் முன் மூலையில் எத்தனை ஆழாக்கு என்று குறிப்பாள், கிழித்த தாளை அடுக்களைச் சுவரில் தொங்கிய கம்பியில் குத்துவாள். மாதக் கடைசியில் பால்காரரை நிற்கவைத்துக்கொண்டு கம்பியிலிருந்து உருவி எண்ணுவாள். அந்த மாதம் கணக்கு ஒரு நாள் இடித்தது. பால்காரர் செப்டம்பருக்கு முப்பது நாள் என்றார். அம்மா கம்பியில் இருப்பது இருபத்தொன்பது என்றாள். அரைமணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அப்பா வந்து, "ஒன்பதாம் தேதி எங்கள் ஆபீசிலேயே விட்டுப்போய்விட்டது" என்று ஒப்புக்கொண்டார். மறுநாள் அம்மா சோப்பு உறையைக் கத்தரித்து, அதில் 9 என்று எழுதிக் கம்பியில் குத்திவிட்டாள். ராகு காலமும் சூலமும் பொன்மொழியும் இல்லாத ஒரே நாள் அதுதான். இன்னோர் ஆண்டில் ஜூன் 12 இரண்டு முறை வந்தது. அதைப் பால்காரர் கண்டுகொள்ளவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

பெரியவனாகிப் படித்தபோது எங்கள் வீட்டுக் கதை ஒன்றும் புதிதில்லை என்று தெரிந்தது. 1752இல் இங்கிலாந்தும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களும் செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாளை 14ஆம் தேதி என்று வைத்துக்கொண்டன. எங்களுக்கு ஒரு தாள் குறைந்தது, அவர்களுக்குப் பதினொன்று. கத்தோலிக்க நாடுகள் 1582லேயே திருத்திக்கொண்ட கணக்கை, அவர்கள் நூற்றெழுபது ஆண்டுகள் கழித்து ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்ததே மார்ச் 25இல்தான்.

இது நம் ஊர்க் கதையும்கூட. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் புதிய கணக்கில் இருந்தார்கள், சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் பழைய கணக்கில். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் வீழ்ந்த நாள், பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. வென்றவர்களும் தோற்றவர்களும் ஒரே நாளை இரண்டு தேதிகளில் எழுதிக்கொண்டார்கள். புதுச்சேரியில் 1745 ஜனவரி முதல் தேதி வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒருவர் அன்றைய சென்னையை நினைத்தால், அங்கே இன்னும் டிசம்பர் 21. வழியில் மரக்காணத்து உப்பளத்தில் வேலை செய்தவரைக் கேட்டிருந்தால் இரண்டையும் சொல்லியிருக்க மாட்டார். ரக்தாட்சி வருஷத்து மார்கழி என்றிருப்பார். அதே புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, ஆங்கில மாதத் தேதியையும் தமிழ் வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். எது நம்முடையது என்று அவர் சண்டைக்குப் போகவில்லை. துரையிடம் போகும் வேலைக்கு ஒரு தேதி வேண்டும், வீட்டில் திதி பார்க்க இன்னொன்று வேண்டும். துபாஷியாக, அதாவது பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த மனிதருக்கு இரண்டுமே தொழிற்கருவிகள்.

உங்கள் கொழுந்தனாருக்கு இதைக் காட்டலாம், காட்டாமலும் இருக்கலாம். அவர் எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதவில்லை, சித்திரையா, தையா? 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2011இல் அதை ரத்து செய்து மீண்டும் சித்திரைக்கே கொண்டுபோனார்கள். ரத்தானது ஆகஸ்டில், அதாவது ஆடிப்பெருக்கு முடிந்து ஆல்பம் வெளியான பிறகு. அப்பா அப்போது வேலையின் கடைசி ஆண்டில் இருந்தார். இரண்டு பக்கத்து வாதங்களையும் நான் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். நானும் அந்தச் சமயத்தில் ஒரு பக்கம் நின்று கட்டுரையெல்லாம் எழுதியவன்தான். எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தை ஒன்றாம் தேதித் தாளையும் சித்திரை ஒன்றாம் தேதித் தாளையும் திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதானே?" என்றார்.

எனக்குச் சித்திரை பிடிக்கும். காரணம் வானியல் அல்ல, வேப்பம்பூ. அம்மா மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தை அள்ளிப் போடுவாள், வேப்பம்பூவைக் கிள்ளிப் போடுவாள். கசப்பு வேண்டும்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது அவள் கொள்கை. மாலையில் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பார்கள். இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று படித்ததும், சுற்றுக் கிராமத்து விவசாயிகள் முகம் மலரும், பட்டாசு காயவைக்கிறவர்கள் முகம் சுருங்கும். ஒரே வரியைக் கேட்டுப் பாதி ஊர் மகிழ்ந்து பாதி ஊர் வருந்துகிற அந்த நிமிடத்துக்காகவே நான் போய் உட்காருவேன்.

எங்கள் வீட்டில் ஆசிரியர் வேலைக்குப் போன அக்காவுக்கு ஜூன் மாதம்தான் புத்தாண்டு, கடைக்கணக்கு எழுதிய சித்தப்பாவுக்கு ஏப்ரல் முதல் தேதி. அவரவர் வேலை எங்கே தொடங்குகிறதோ அங்கே அவரவர் ஆண்டு பிறந்தது. எது அசல் புத்தாண்டு என்று சண்டை போட, அன்றைக்கு வேலை இல்லாமல் இருக்க வேண்டும்.

டைரி விஷயத்தில் நான் உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி இல்லாதவன். என்னிடம் பதினொரு டைரிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முதல் பக்கம் கம்பீரமாக இருக்கும், பொங்கலோடு படுத்துவிடும். மிச்சப் பக்கங்களில் சலவைக் கணக்கு, தொலைபேசி எண்கள், மகள் சிறுவயதில் வரைந்த யானைகள். சிகரெட்டை விடுவதாக ஏழு ஆண்டுகள் ஜனவரியில் எழுதினேன். விட்டது ஓர் ஆகஸ்டில், காய்ச்சலில் படுத்திருந்தபோது, எதிலும் எழுதாமல். நீங்கள் இந்த முறை டைரி வாங்காதது நல்ல சேமிப்பு என்றே நினைக்கிறேன். மணிக்கு ஒரு தடவை குறிப்பெழுதுகிறவருக்கு வீட்டிலும் எதற்கு ஒரு நோட்டு?

அந்த மகனைப் பற்றி. அவர் வாழ்த்தியதை வாழ்த்தாக எடுத்துக்கொண்டதால்தான் உங்களுக்குப் பதில் வரவில்லை. அப்பா படுத்திருக்கும் அறையின் கதவருகே, நடு இரவில், விழித்திருக்கிற இன்னொரு ஆளைப் பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு எந்த இரவிலும் அவர் "அப்பா எப்படி இருக்கிறார்?" என்றுதான் கேட்டிருக்க முடியும். அதற்கு நீங்கள் வழக்கமான பதிலைச் சொல்லியிருப்பீர்கள். அன்று ஒரு இரவு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் உங்களிடம் பேச அவருக்கு ஒரு வாக்கியம் கிடைத்தது. நீங்கள் தலையாட்டியது அதற்குப் போதுமான பதில். அந்தப் பெரியவர் பிறகு என்ன ஆனார் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் எப்படி வரவேற்கிறேன் என்று கேட்டீர்கள். அப்பா போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கடையில் கொடுக்கிற பழுதில்லாத காலண்டர்தான் வீட்டுக்கு வருகிறது. இருந்தாலும் ஆணியில் மாட்டும் முன் அதன் ஓரத்தைக் கட்டை விரலால் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். அப்பா அப்படித்தான் செய்வார். ஜனவரி முதல் தேதி மாலை எழுந்து, முகம் கழுவி, காப்பி குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்திருக்கும் கழிவுக் காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுவார். குறை எங்கே என்று கண்டுபிடிக்காமல் மாட்ட விடமாட்டார். செப்டம்பர் 9க்கு மறுவருஷம் அப்படி ஓட்டிக்கொண்டே வந்தவர் விரலை நிறுத்தி, "இந்த வருஷம் ஜூலையில் ஒரு நாள் இல்லை" என்றார்.

"எந்தக் கிழமை?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"செவ்வாய்."

"செவ்வாய் என்றால் போகட்டும்" என்றாள் அம்மா. பிறகு, பால்காரரின் நினைவு வந்திருக்க வேண்டும், சோப்பு உறையைத் தேடத் தொடங்கினாள்.