நிழல் காணாமல் போகும் மதியம்: சூரியனைப் பற்றி வாசகர் கேட்டவை

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு. ஹால் ஜன்னல் வடக்குப் பார்த்தது. 'வடக்கே வெயில் வராது' என்று சொல்லித்தான் விற்றார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை சோபா சுடுகிறதே, ஏன்?

'வடக்கே வெயில் வராது' என்பது நம் ஊருக்குப் பொருந்தாத பேச்சு. தமிழ்நாட்டிலேயே அது முழு உண்மை இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கில்தான் இருக்கும்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை வடக்கே, அவ்வளவுதான். அதனால் மார்ச் 28 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேராக வந்து வடக்கே தாண்டிவிடும். திரும்பி வருவது செப்டம்பர் 14, 15 வாக்கில். இடையில் ஏறக்குறைய ஐந்தரை மாதம் வடக்கு வாசல்காரர்களின் முறை. ஜூன் 21 அன்று உச்சிச் சூரியன் தலைக்கு மேலிருந்து 20 பாகை வடக்கே சாய்ந்திருக்கும்.

ஆனால் உங்கள் சோபாவைச் சுடுவது உச்சி வெயில் இல்லை. அது கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுவதால் ஜன்னல் மேலுள்ள சின்னத் தட்டே தடுத்துவிடும். அந்த மாதங்களில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்காமல் வடகிழக்குப் பக்கமாக உதித்து, வடமேற்குப் பக்கமாக மறைகிறது. காலையிலும் மாலையிலும் அந்தத் தாழ்ந்த கதிர்தான் சாய்ந்து உள்ளே நுழைகிறது. தட்டை நீட்டிப் பணம் செலவழிக்காதீர்கள். மூங்கில் திரை போடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை தெற்கு ஜன்னல் வீட்டுக்காரர்களுக்கு இதே பாடு.

தை முதல் நாள்தான் சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று கோயிலில் சொல்கிறார்கள். பள்ளியில் மகள் டிசம்பர் 21 என்று படிக்கிறாள். எது சரி?

வானத்தைப் பார்த்தால் உங்கள் மகள் சொல்வதுதான். டிசம்பர் 21 அல்லது 22-இல் சூரியன் தெற்கே கடைசி எல்லையைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது. பொங்கல் பானை பொங்கும்போது அது திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

அதற்காகப் பஞ்சாங்கம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது. மகர ராசியில் நுழையும் நாள் தை முதல் நாள். பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வைப் பொறுத்தவை. அந்த அச்சு சுற்றும் பம்பரத்தின் தலைபோல மெல்ல மெல்லத் திசை மாறுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டு கணக்கும் ஒரே நாளில் கூடின. இன்று 24 நாள் பிரிந்து நிற்கின்றன. சித்திரை முதல் நாளும் இப்படித்தான்: பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20-ஐ ஒட்டி வந்துபோக, நாம் ஏப்ரல் 14-இல் புத்தாண்டு கொண்டாடுகிறோம். பிள்ளைகளுக்கு இரண்டு தேதியையும் சொல்லிக்கொடுங்கள். ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொல்வது வானத்துக்கும் நியாயமில்லை, முன்னோருக்கும் நியாயமில்லை.

பினாங்கில் இருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் ஒரே இடத்தில் நின்று, கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் பக்கம் சூரியன் எழும் இடத்தை மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையில் உதிக்கும் இடம் கிட்டத்தட்ட ஐந்து முட்டி அகலம் இடம்பெயர்ந்திருக்கும்.

மார்ச் 20-ஐ ஒட்டி 40 பாகை வெப்பம் வரும், மதியம் வெளியே போகாதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வருகிறதே?

நம்பாதீர்கள். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உச்சிச் சூரியனின் உயரம் மூன்று பாகைதான் மாறும். கிடைக்கும் வெயிலில் வித்தியாசம் சொற்பம். மார்ச்சில் கொதிப்பது மேகம் குறைவதால். மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் 40.1 பாகை; 1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் சூப்பிங்கில். அது பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் மழை குறையும் எல் நினோ ஆண்டு. வெயிலில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிப்பது எல்லா மாதமும் தேவை.

ஜனவரியில் பூமி சூரியனுக்கு அருகில் இருக்கிறதாமே, பிறகு ஏன் ஐரோப்பாவில் குளிர்?

அருகில்தான், 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. இந்த வித்தியாசம் சிறிது. சாய்வின் வேலை பெரிது. பூமியின் வடபாதி ஜனவரியில் சூரியனைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை காய்ந்து கிடக்கிறது. அதே பருவத்தில் கிழக்குக் கரையிலுள்ள கிளந்தானில் வெள்ளம். சூரியன் எல்லாருக்கும் ஒன்றுதானே?

சூரியன் ஒன்றுதான், நடுவில் தித்திவங்சா மலைத்தொடர் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து கிழக்குக் கரையிலேயே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. பினாங்கின் பெருமழை செப்டம்பர், அக்டோபரில். வெப்பமண்டல மழைப்பட்டை சூரியன் பின்னாலேயே, சற்றுத் தாமதமாக, வடக்கும் தெற்குமாக நடக்கிறது. கார், கூதிர், முன்பனி எனத் தொடங்கும் ஆறு பொழுது நமக்குப் பொருந்தாது. ஆனால் நமக்குப் பருவமே இல்லை என்பவர்களோடு நான் ஒத்துப்போகமாட்டேன்.

சூரியன் தலைக்கு நேராக வந்து நிழல் மறையும் நிழலில்லா நாளைப் பள்ளியில் செய்து பார்த்தோம். 12 மணிக்குக் கம்பை நட்டோம், நிழல் நீளமாக விழுந்தது. என்ன தப்பு செய்தோம்?

கடிகாரத்தை நம்பியதுதான். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தில் ஓடுகிறது. கோலாலம்பூரோ 101.7 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால் 73 நிமிடம் பின்தங்கி இருக்கிறோம். அதோடு பூமியின் ஓட்டத்தால் சில நிமிடம் கூடும், குறையும்.

அடுத்த முறை கோலாலம்பூரில் மார்ச் 28 அன்று மதியம் 1:18-க்கு அல்லது செப்டம்பர் 14 அன்று 1:09-க்குப் பாருங்கள். பினாங்கில் ஏப்ரல் 3 அன்று 1:22, செப்டம்பர் 8 அன்று 1:16. முன்னும் பின்னும் ஒரு நாள் தள்ளினாலும் பரவாயில்லை. மேகம் மூடினால் மறுநாளும் முயலுங்கள். கம்பு சாயக்கூடாது, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் சரிபாருங்கள்.