சைக்கிளின் கார்பன் ஃபோர்க்கில் பிளக் சிக்கிக்கொண்டால்: வாசகர் கேள்விகள்

போல்ட்டை முழுக்கத் தளர்த்திவிட்டேன். ஆனாலும் ஃபோர்க் குழாய்க்குள் விரிந்து பிடிக்கும் எக்ஸ்பாண்டர் பிளக் அசையவே இல்லை. கீழிருந்து ஒரு கம்பியால் இடித்துத் தள்ளலாமா?

வேண்டாம். பெரும்பாலான பிளக்குகளில் அடியில் கூம்பு வடிவ ஆப்பு ஒன்று இருக்கும். போல்ட்டை முறுக்க முறுக்க அது மேலே ஏறி, சுற்றியுள்ள உறையை விரித்து ஸ்டியரர் குழாயின் (ஃபோர்க்கிலிருந்து மேலே போகும் குழாய்) உட்சுவரோடு இறுக்கும். கீழிருந்து இடித்தால் ஆப்பு இன்னும் மேலே ஏறும், பிடி இன்னும் இறுகும். ஆப்பு கீழே இறங்கினால்தான் உறை சுருங்கும்.

முதலில் மேல் மூடியை எடுங்கள், பிறகு ஹேண்டில்பாரை ஸ்டியரரோடு இணைக்கும் ஸ்டெம்மின் இரண்டு பக்கவாட்டு போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்டெம் வெளியிலிருந்து குழாயை நெருக்கிக்கொண்டிருந்தால் பிளக் எப்படி வரும்? ஸ்டெம் தளர்ந்ததும் ஃபோர்க் கீழே நழுவும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பிளக் போல்ட்டை முழுக்கக் கழற்றியிருந்தால் திரும்ப மாட்டி, மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்வாக விடுங்கள். ஆலன் கீயை அதில் நேராக நிறுத்தி, ரப்பர் சுத்தியலால் மெதுவாக மேலிருந்து தட்டுங்கள். 'டக்' என்று ஆப்பு இறங்குவது கையிலேயே தெரியும். என் கைக்கு வந்த பிளக்குகளில் பெரும்பாலானவை இப்படியே வந்துவிட்டன.

வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்ட உதவும் கருவி) இரண்டு வருடம் ஓட்டிய வண்டி. தட்டிப் பார்த்தும் வரவில்லை. சூடு காட்டலாமா?

உங்கள் எதிரி வியர்வை. கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். உப்புநீர் நடுவில் வந்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரிக்கும். அரித்து உண்டாகும் வெள்ளைத் தூள் பழைய உலோகத்தைவிட அதிக இடம் எடுக்கும், அதனால் பிளக் உள்ளேயே இறுகிவிடும்.

சூடு வேண்டவே வேண்டாம். கார்பனைப் பிணைக்கும் எபாக்சி இளகிவிடும் என்பது ஒன்று. இன்னொன்று, சூட்டில் அலுமினியம் விரியும், கார்பன் ஏறத்தாழ விரியாது. ஆக, சூடு பிளக்கை இறுக்கத்தான் செய்யும். குளிர்ச்சிதான் நமக்கு உதவும். ஃபோர்க்கை வண்டியிலிருந்து கழற்றி, பிளக்கின் மேல் பாகத்தில் பனிக்கட்டிப் பையைக் கால் மணி நேரம் வைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். சுருக்கம் மிகச் சிறியதுதான். ஆனால் அந்தத் தூளின் பிடி விட அதுவே போதுமானதாக இருக்கலாம்.

அதற்கும் அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு வையுங்கள். ஆப்பு இறங்கியும் உறை மட்டும் ஒட்டியிருந்தால், மேல் மூடி போல்ட் மாட்டும் மரையில் நீளமான போல்ட்டை மாட்டி, நேராக மேலே இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். உள்ளே ஒரு கீறல் விழுந்தால் பிறகு அதை நம்பி ஓட்ட முடியாது.

ஆலன் கீ வழுக்கி, போல்ட்டின் உட்குழி உருண்டையாகத் தேய்ந்துவிட்டது.

5 மி.மீ. குழிக்கு டி30, 4 மி.மீ. குழிக்கு டி25 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டைத் தட்டி இறக்குங்கள். அதன் முனைகள் தேய்ந்த உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும். துளை போடுவது கடைசி வழி, அதைப் பழகிய மெக்கானிக்கிடம் விடுங்கள். கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம்.

போல்ட் கையோடு வந்துவிட்டது, குழாய்க்குள் ஏதோ கடகடக்கிறது.

ஆப்புதான் கழன்று விழுந்திருக்கிறது. அலுமினியமாக இருந்தால் காந்தத்தில் ஒட்டாது. உறையை எடுத்தபின் ஃபோர்க்கைக் கவிழ்த்து உலுக்குங்கள், வந்துவிடும்.

இனி இந்தத் தொல்லையே வேண்டாம், பிளக்குக்குப் பதிலாகக் குழாய்க்குள் பல்லுள்ள ஸ்டார் நட் அடித்துவிடலாம் என்கிறார் கடைக்காரர்.

தயவுசெய்து அடிக்க விடாதீர்கள். ஸ்டார் நட்டின் பற்கள் உலோகக் குழாய்க்கு ஏற்றவை, கார்பன் இழைகளை அறுத்துவிடும். ஸ்டெம் நெருக்கும் இடத்தில் குழாய் நசுங்காமல் உள்ளிருந்து தாங்குவதும் பிளக்கின் வேலை. ஸ்டார் நட்டால் அது முடியாது.

ஸ்டியரர் முறிந்தால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும், சமாளிக்க ஒரு நொடிகூடக் கிடைக்காது. 2006 பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஹின்காபிக்கு நடந்தது அதுதான். அவருடையது அலுமினியக் குழாய். கார்பனாக இருந்தாலும் விழுவது விழுவதுதான்.

பிளக் வெளியே வந்துவிட்டது. திரும்ப மாட்டும்போது கிரீஸ் போடலாமா?

அதற்கு முன் டார்ச் அடித்து உட்சுவரைப் பாருங்கள். விரல் நகத்தில் தட்டுப்படும் கோடு, வெடிப்பு, பிரிந்த இழை ஏதாவது இருந்தால் ஃபோர்க்கை மாற்றிவிடுங்கள்.

சுவர் நன்றாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடையுங்கள். பிளக்கின் வெளிப்புறத்துக்குக் கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்க உதவும் களிம்பு), போல்ட்டின் மரைக்கும் ஆப்பின் சரிவுக்கும் மட்டும் கொஞ்சம் கிரீஸ். வெளிப்புறத்தில் கிரீஸ் பட்டால் பிளக் பிடிக்காமல் மேலே வழுக்கி வரும். பிளக் ஸ்டெம்முக்கு நேர் உள்ளே இருக்க வேண்டும். அதன்மேல் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள், கைக்கணக்கு போதாது. டிரெய்னரில் ஓட்டுபவர் என்றால் ஹேண்டில்பார்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.